நீலகிரி மழைப்பொழிவு

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கூடும் உயர்நிலம் நீலகிரி. இதன் உச்சி 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா. இரு பருவமழையும் பெறும் இம்மலைக்கு மாவட்ட சராசரி என்று ஒரே எண்ணைச் சொல்வது பயன்தராது. எந்தச் சரிவு, எந்த மாதம் என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலின் ஈரத்தோடு வரும் தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் மோதி மேலெழுகிறது. உயர உயரக் குளிர்ந்து, சுமந்துவந்த நீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. கூடலூரை அடுத்த தேவாலாவில் நாள்கணக்கில் அடைமழை பெய்யும்போது, ஊட்டியில் சாரலும் மூடுபனியுமாகப் பொழுது போகும். மசினகுடிக்கு இறங்கினால் மழைமறைவுப் பகுதி, முட்புதர்க் காடுதான். அக்டோபரில் காற்று திசை மாறியதும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் மழைக்காலம் தொடங்குகிறது.

ஊட்டியில் ஆண்டு முழுதும் பெய்வது ஏறத்தாழ 120 செ.மீ. ஆனால் 2009 நவம்பரில் கேத்தியிலும் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கேத்தி கிழக்கு முகம், அவலாஞ்சி மேற்கு முகம். இரண்டும் தத்தம் பருவத்தில் வாங்கிய அடி. 2009 நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் மாண்டனர். அது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறிய எல் நினோ ஆண்டு. அத்தகைய ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நலிவடையும், வடகிழக்குப் பருவமழை பல நேரம் வலுக்கும். ஆகவே ஜூலையில் மழை பொய்த்ததென்று நவம்பரில் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

மழை ஓய்ந்ததும் பனிக்காலம். முதலில் நீர்ப்பனி விழும். மேகமற்ற இரவுகளில் அது உறைபனியாகும். விடியலில் தலைகுந்தா புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். காய்கறி விவசாயிகள் அதிகாலையிலேயே தெளிப்பான்களைத் திறந்து செடிமேல் படிந்த பனியைக் கழுவுகிறார்கள்.

பெய்த மழையைக் கோடைவரை தேக்கிவைப்பவை சோலைக்காடுகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும். அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியைத் தைலமரமும் சீகை மரமும் தேயிலையும் விழுங்கிவிட்டது பெரும் இழப்பு. பைக்காரா, குந்தா மின்நிலையங்கள் ஓடுவது இம்மலை நீரில்தான். இங்கிருந்து இறங்கும் பவானியும் மோயாறும் பவானிசாகர் அணையில் சேர்ந்து, ஈரோடு மாவட்ட வயல்களுக்குப் பாய்கின்றன.