மறைத்தது குடும்பம், மறைக்க வைத்தது யார்?

தீவிர மனநோய் கண்டவரை வீட்டார் ஊர் கண்ணில் படாமல் மறைத்து வைப்பதற்கு அறியாமையையும் பேய் நம்பிக்கையையும் காரணம் காட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பழைய நம்பிக்கைகள் குடும்பத்தைப் பழிக்காமல் விடவில்லை என்பது சரிதான். முன்வினை, குலசாபம் என்ற பேச்சு எப்போதும் இருந்தது. ஆனால் அந்தப் பழிக்கு ஒரு பரிகாரமும் இருந்தது. திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோயிலிலும் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவிலும் நோயாளியோடு வீட்டாரும் வந்து தங்கினார்கள். அங்கே அவர்களை யாரும் ஒதுக்கவில்லை. நோய் அதனால் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. பரிகாரமே இல்லாத பழி ஒன்றைப் பின்னால் வந்த சட்டமும் மருத்துவமும் குடும்பத்தின் தலையில் ஏற்றின என்பதே என் வாதம்.

சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் விடுதியை 1794-இல் வாலன்டைன் கனாலி என்ற அறுவை மருத்துவர் நடத்தத் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசின் காப்பகம் திறக்கப்பட்டது. உள்ளே போகும் வழியை 1858-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின் 1912-ஆம் ஆண்டுச் சட்டமும் வகுத்தன: உறவினரின் மனு, மருத்துவச் சான்றுகள், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு. தெருவில் திரிபவரைப் போலீஸ் பிடித்துக் கொண்டுபோகலாம். மகனுக்கு வைத்தியம் தேடிய தாய், திருடனைப் பற்றிப் புகார் கொடுப்பவரைப் போலக் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது. உத்தரவு கிடைத்ததும் மகன் மதிலுக்கு உள்ளே, வீட்டார் வெளியே. இந்தப் பிரிவினையை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஊர்ப் பேச்சில் கீழ்ப்பாக்கம் என்ற பெயரே ஏச்சாக மாறியது இந்த ஏற்பாட்டின் விளைவுதான். 1912-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு விடுதலை பெற்ற பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் இருந்தது.

மருத்துவமும் தன் பங்குக்குக் குற்றம் சாட்டியது. மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கருத்தை 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் அமெரிக்காவில் முன்வைத்தார். அது பல ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்தது, பிறகு ஆதாரமில்லாமல் வீழ்ந்தது. அதற்குள் எத்தனை தாய்மார்கள் அதை நம்பித் தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள்! அதே காலகட்டத்தில், 1950-களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் வித்யாசாகர் நேர்எதிரான ஒன்றைச் செய்தார். வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் குடும்பங்களைத் தங்க வைத்தார். அவர்கள் நோயாளியைக் கவனித்தார்கள், நோய் என்னவென்று மருத்துவரிடமே கேட்டறிந்தார்கள். பக்கத்துக் கூடாரத்திலும் இதே துயரம் என்று கண்டார்கள். நோயாளிகள் விரைவில் தேறி வீடு திரும்பினார்கள். 1957-இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் உறவினர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே வைத்தது. குடும்பத்தின் வெட்கம் இயல்பிலேயே மாறாதது என்றால் இவர்கள் ஏன் வந்து தங்கினார்கள்? அவர்களைக் குற்றவாளிகளாக அல்லாமல் துணையாளர்களாக அழைத்ததால் வந்தார்கள்.

மருத்துவமனை மனது வைத்தாலும் கல்யாணப் பேச்சில் சட்டம் குறுக்கே நின்றது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு மனநோயை மணத்துக்குத் தடையாக வைத்தது. 1976-இல் அதைத் திருத்தி எழுதியபோது, திரும்பத் திரும்ப வரும் மனநோயையும் வலிப்பையும் சேர்த்தார்கள். 1999-இல் வலிப்பை நீக்கினார்கள், மனநோயை நீக்கவில்லை. மனச்சிதைவு என்ற பெயர் இருப்பதாலேயே விவாகரத்து தர முடியாது, நோயின் கடுமையைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் தீர்ப்பைப் படித்துவிட்டா வருகிறார்கள்? அண்ணனுக்கு மனச்சிதைவு என்றால் தங்கையின் சம்பந்தமும் தட்டிப்போகிறது. உடன்பிறந்தவருக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவுதான் என்பதை அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

ஏர்வாடியில் நோயாளியைச் சங்கிலிக்கு விட்டுவிட்டுப் போனதும் குடும்பங்கள்தானே என்று கேட்கலாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். பிணைத்திருந்த சங்கிலியால் அவர்களால் ஓட முடியவில்லை. அந்தக் கொடுமையில் குடும்பங்களின் பங்கை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மனநலத்துக்கென்றே இயங்கிய அரசு மருத்துவமனை அப்போது மாநிலம் முழுவதுக்கும் கீழ்ப்பாக்கம் ஒன்றுதான். மாவட்ட மனநலத் திட்டம் திருச்சியில் தொடங்கியதே 1997-இல்தான். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் பகலெல்லாம் நோயாளியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை, காப்பகக்காரரிடம் இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் கூடாதென்று தடை செய்தது. களங்கத்தைக் குறைக்கும் பொறுப்பையும் அரசுக்கு விதித்தது. திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு மட்டும், திரும்பத் திரும்ப வரும் மனநோய் என்ற வரியை விடாமல், அப்படியே நின்றது.