துவக்குக்குள்ள என்ன கிடக்கு?

1863 யூலை 1 தொடக்கம் 3 வரை, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கெற்றிஸ்பேர்க் எண்ட சின்னப் பட்டினத்தைச் சுற்றிப் பெரிய சண்டை. முடிஞ்ச பிறகு வயல்வெளிகளில் கிடந்த துவக்குகளைப் பொறுக்கி எடுத்தார்கள். மொத்தம் 27,574. சோதிச்சுப் பார்த்தால், அதில் ஏறக்குறைய 24,000 துவக்குகளுக்குள் மருந்தும் சன்னமும் வெடிக்காமல் அப்படியே இருந்தன. அந்த 24,000 இலும் பாதிக்கு இரண்டு தரம் நிரப்பியிருந்தது. காற்பங்குக்கு மூன்று தொடக்கம் பத்துத் தரம். ஒரு துவக்குக்குள் 23 தரம் நிரப்பிக் கிடந்ததாம்!

இது எப்பிடி நடக்கும் எண்டு விளங்க வேணுமெண்டால் அந்தத் துவக்கைத் தெரிய வேணும். எங்கட வன்னிப் பக்கத்து இடியன் துவக்கின்ர சாதிதான் அது. குழல் வாயால் மருந்தைக் கொட்டி, சன்னத்தைப் போட்டு, கம்பியால் இடித்து இறக்க வேணும். பிறகு பின்பக்கத்தில் ஒரு சின்னச் செப்புக் கேப்பு. விசையை இழுத்தால் குதிரை கேப்பில் அடிக்கும், பொறி ஒரு சிறு துளையால் உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும். கேப்பு வைக்க மறந்தாலோ, துளையைக் கரி அடைச்சிருந்தாலோ, உள்ளே ஒண்டும் நடக்காது. ஆனால் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான துவக்குகள் முழங்குகின்றன. கண்ணை மறைக்கிற புகை. தன்ர துவக்கு வெடிச்சதா இல்லையா எண்டு அந்தப் பொடியனுக்கு எப்பிடித் தெரியும்? பழகின கை அடுத்த மருந்தை எடுக்கும். திரும்ப இடிக்கும்.

ஆட்களைக் கொல்ல மனமில்லாமல் சுடுவதுபோல நடிச்சார்கள் எண்டும் ஒரு விளக்கம் இருக்கு. சிலருக்கு அது பொருந்தலாம். ஆனால் எல்லாருக்கும் அதைப் பொருத்துவதை எங்களால் ஏற்க முடியவில்லை. கொல்ல விரும்பாதவனுக்கு வானத்தைப் பார்த்துச் சுடுவது இதைவிடச் சுலபம்.

ஆறுதலாக நிண்டு பார்க்க நேரமிருந்தால், நிரப்பியிருக்கா எண்டு அறிவது கஷ்டமில்லை. கம்பியை உள்ளே விட வேணும். வெறுங்குழல் எண்டால் அடியில் போய் 'ணங்' எண்டு தட்டும். நிரப்பின குழலில் சத்தம் அடங்கிப் போகும், கம்பியும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிக்கும். அணிவகுப்புச் சோதனையில் அதிகாரிகள் இப்பிடித்தான் பார்த்தார்கள். சண்டைக்குள் அதுக்கு எங்க நேரம்?

வீட்டுக் காவலுக்குத் துவக்கு வச்சிருந்தவனுக்குத் தலையிடி வேற மாதிரி. கள்ளன் வந்த பிறகு மருந்து கொட்டி இடிச்சுக்கொண்டிருக்க ஏலாது. முதலே நிரப்பி வச்சால் மருந்தில் ஈரம் ஏறும், தேவைப்படும் நேரத்தில் வெடிக்குமெண்ட நிச்சயம் இல்லை. திரும்ப வெளியே எடுப்பதும் லேசில்லை: ஒண்டில் சுட்டுத் தீர்க்க வேணும், இல்லாவிட்டால் திருகாணி பூட்டின கம்பியால் சன்னத்தைக் குடைஞ்சு இழுக்க வேணும். ஆன படியால் நிரப்பினது நிரப்பினபடியே மூலையில் கிடக்கும்.

அப்பிடிக் கிடந்த துவக்குகளால் பொஸ்ரன் நகரத்துக்கு ஒரு பயம் வந்தது. வீடு தீப்பிடிச்சால் அணைக்கிறதுக்கு அயலவர்கள்தான் உள்ளே ஓட வேணும். நெருப்புச் சூட்டில் துவக்கு தானாக வெடிச்சால்? 1783 இல் மசாசுசெற்ஸ் சட்டசபை, பொஸ்ரனில் மருந்து நிரப்பிய துவக்கை எந்தக் கட்டடத்துக்குள்ளும் கொண்டுபோய் வைக்கக்கூடாது எண்டு தடை போட்டது. தண்டம் 10 பவுண். சுதந்திரத்துக்காகத் துவக்கு தூக்கின அதே ஊர், அப்போதுதான் போரை முடிச்சிருந்தது! 2008 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் துவக்கு உரிமை பற்றின ஹெல்லர் வழக்கைத் தீர்த்தபோதும், இந்தப் பழஞ்சட்டத்தை என்னெண்டு வாசிப்பது எண்டு நீதிபதிகள் இரண்டு பக்கமாக நிண்டார்கள்.

பின்பக்கத்தால் ரவை போடுகிற துவக்குகள் வந்த பிறகு திறந்து பார்க்க முடிஞ்சது. 1908 இல் ஜேர்மன் இராணுவம் எடுத்துக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கி இன்னும் ஒரு படி மேலே. ரவை உள்ளே இருந்தால் மேலே ஒரு சின்னத் தகடு எழும்பி நிக்கும். அதன்ர பக்கத்தில் 'கெலாடன்', அதாவது 'நிரப்பியது' எண்டு எழுதியிருக்கும். இருட்டில் விரலால் தடவியே அறியலாம்.

எங்கட நாட்டுக் காடுகளில் இண்டைக்கும் பண்டிக்குக் கட்டுகிற கட்டுத்துவக்கு இதுக்கு நேர்மாறு. நிரப்பி, குதிரையை இழுத்து, நூலைக் கட்டிவிட்டுக் கட்டினவன் வீட்டுக்குப் போயிடுவான். விறகுக்கோ தேனுக்கோ போகிற ஒருத்தர்ர கால் அந்த நூலில் படுகிறபோது, அதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு தெரிஞ்ச ஒரே ஆள் அந்த இடத்தில் இருப்பதில்லை.