கோப்பையோடு கலைந்த டீம்: ஜே-லீக், 1998

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு ஃபுட்பால் கிளப் யாருக்குச் சொந்தம்? பணம் போடுற கம்பெனிக்கா? விளையாடுற வீரர்களுக்கா? இல்ல, மழையில நனைஞ்சுகிட்டு கேலரியில நின்னு கத்துறவங்களுக்கா?

சட்டப்படி பார்த்தா பதில் சுலபம். பங்கு யாரு கையில இருக்கோ அவங்களுக்குத்தான். ஆனா 1998-ல ஜப்பான்ல ஒரு ஊர்க்காரங்க அந்தப் பதிலை ஏத்துக்க மறுத்தாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல, பின்னணி.

ஜப்பானோட தொழில்முறை லீக்கான ஜே-லீக், 1993 மே 15-ம் தேதி டோக்கியோ நேஷனல் ஸ்டேடியத்துல ஆரம்பிச்சது. வெர்டி கவாசாகியும் யோகோஹாமா மரினோஸும் மோதின முதல் மேட்ச், கிட்டத்தட்ட 60 ஆயிரம் பேர் கூட்டம். அதுவரைக்கும் ஜப்பான்ல ஃபுட்பால்னா கம்பெனி டீம்கள்தான். நிசான் ஒரு டீம், மிட்சுபிஷி ஒரு டீம், யோமியூரி ஒரு டீம். ஜே-லீக்கோட முதல் சேர்மன் கவாபுச்சி சாபுரோ இதை மாத்த நினைச்சார். கிளப் ஊருக்குச் சொந்தமா இருக்கணும், பேர்ல கம்பெனி இருக்கக்கூடாது, ஊர்தான் இருக்கணும்னு அவர் பிடிவாதமா நின்னார். நிசான் டீம், யோகோஹாமா மரினோஸ் ஆனது அப்படித்தான்.

பேர் மாறிடுச்சு. பணம் வர்ற இடம் மாறல. இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

முதல் ரெண்டு வருஷம் ஜே-லீக் ஒரு பெரிய ஃபேஷன். 1994-ல ஒரு மேட்சுக்கு சராசரியா 19,500 பேருக்கு மேல வந்தாங்க. அப்புறம் மோகம் தணிஞ்சது. 1997-ல அந்த சராசரி 10,100-க்குப் பக்கத்துல வந்து நின்னுது. மூணே வருஷத்துல கூட்டம் பாதியாச்சு. அதே 1997 நவம்பர்ல யமாயிச்சி செக்யூரிட்டீஸ், ஹொக்கைடோ தக்குஷோக்கு பேங்க்னு பெரிய நிதி நிறுவனங்களே சரிஞ்சுது. கம்பெனிகள் எல்லாம் செலவை எங்க வெட்டலாம்னு பார்த்துகிட்டு இருந்த நேரம். ஃபுட்பால் கிளப் எப்பவும் அந்தப் பட்டியல்ல மேலதான் இருக்கும்.

நம்பிக்கையோட ஆரம்பிச்ச சீசன்

ஆனா 1998 சீசன் ஆரம்பிச்சப்போ யாரும் சாவைப் பத்திப் பேசல. ஜப்பான் முதல் தடவையா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த வருஷம் அது. லீக்ல 18 கிளப்கள். சீசன் ரெண்டு பாதி: முதல் ஸ்டேஜ் சாம்பியனும் ரெண்டாவது ஸ்டேஜ் சாம்பியனும் கடைசியில மோதுவாங்க.

அப்போ ஜே-லீக்ல டிராவே கிடையாது, தெரியுமா? 90 நிமிஷத்துல ஜெயிச்சா 3 புள்ளி. சமமா இருந்தா கூடுதல் நேரம். அதுல முதல் கோல் போட்டவங்களுக்கு 2 புள்ளி. அதுலயும் முடியலன்னா பெனால்ட்டி. அதுல ஜெயிச்சா 1 புள்ளி. புதுசா வர்ற ரசிகர்களுக்கு ஒவ்வொரு மேட்ச்லயும் ஒரு முடிவு வேணும்கிற எண்ணம்தான்.

மார்ச் 21. யோகோஹாமாவுல புதுசா கட்டின சர்வதேச ஸ்டேடியம், பின்னாடி 2002 உலகக் கோப்பை ஃபைனல் நடந்த அதே மைதானம். சீசனோட முதல் நாளே அங்க டெர்பி: மரினோஸ் எதிர் ஃப்ளூகெல்ஸ். ஒரே ஊர், ரெண்டு டீம், 50 ஆயிரத்துக்கும் மேல கூட்டம். ஃப்ளூகெல்ஸ் பக்கம் 18 வயசுப் பையன் ஒருத்தன் முதல் தடவையா இறங்கினான். ககோஷிமாவுல ஸ்கூல் முடிச்சுட்டு நேரா வந்தவன். பேர் எண்டோ யசுஹிட்டோ. இந்தப் பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏப்ரல்ல ஒரு அதிசயம் நடந்தது. ஜூபிலோ இவாத்தாவோட ஃபார்வர்டு நகயாமா மசாஷி தொடர்ந்து நாலு மேட்ச்ல ஹாட்ரிக் அடிச்சார். ஒண்ணுல 5, அடுத்ததுல 4, மறுபடியும் 4, அப்புறம் 3. நாலு மேட்ச், 16 கோல். கின்னஸ் புத்தகத்துல ஏறின சாதனை. சீசன் முடியும்போது 27 மேட்ச்ல 36 கோல்.

ஜூன்ல உலகக் கோப்பை. ஜப்பான் மூணு மேட்சும் தோத்தது. ஒரே ஒரு கோல்தான் போட முடிஞ்சது. ஜமைக்காவுக்கு எதிரா அதைப் போட்டதும் நகயாமாதான். இன்னொரு பக்கம், அந்த உலகக் கோப்பையோட முதல் கோலை ஸ்காட்லாந்துக்கு எதிரா பிரேசிலுக்காகப் போட்டவர் சேசார் சம்பாயோ. அவர் அப்போ ஆடிகிட்டிருந்த கிளப் எது? யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ்.

அதாவது இது ஏதோ மூலையில கிடந்த சின்ன டீம் இல்ல. பிரேசில் டீம்ல ஆடுற மிட்ஃபீல்டர், ஜப்பான் டீமோட யமாகுச்சி மோட்டோஹிரோ, கோல்கீப்பர் நராசாகி செய்கோ, சீசன் தொடக்கத்துல கோச்சா இருந்தவர் பார்சிலோனாவுல இருந்து வந்த கார்லஸ் ரெக்ஸாக். அவர் நடுவுல விலகிட்டார். பொறுப்பை எடுத்துகிட்டவர் கெர்ட் எங்கெல்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர். டீம் டேபிள்ல நடுவாந்தரமா ஓடிகிட்டு இருந்தது.

அக்டோபர் 29

ஃப்ளூகெல்னா ஜெர்மன்ல இறக்கை. பேருக்குக் காரணம் இருக்கு: கிளப்போட முக்கிய முதலாளி ஆல் நிப்பான் ஏர்வேஸ், விமானக் கம்பெனி. கூட்டாளி சாட்டோ கோக்யோன்னு ஒரு கட்டுமான நிறுவனம். 1998-ல அந்த நிறுவனம் கையை விரிச்சுது. தனியா சுமக்க முடியாதுன்னு விமானக் கம்பெனி முடிவு பண்ணுச்சு. எதிர் டீம் மரினோஸோட முதலாளி நிசானும் அப்போ கடன்ல மூச்சு முட்டிகிட்டு இருந்தது.

அக்டோபர் 29 அன்னைக்கு அறிவிப்பு வந்தது. சீசன் முடிஞ்சதும் ஃப்ளூகெல்ஸ் மரினோஸோட இணையும். புது பேர் யோகோஹாமா எஃப் மரினோஸ். ஒரு கிளப்போட முழு வரலாறும் அந்த ஒத்தை 'எஃப்' எழுத்துக்குள்ள அடங்கிப்போச்சு.

நல்லா யோசிச்சுப் பாருங்க. வேற ஊருக்குப் போறது ஒரு வலி. மூடுறது இன்னொரு வலி. ஆனா இது, இத்தனை வருஷமா யாரை எதிர்த்துக் கத்தினீங்களோ அவங்களோட போய்ச் சேர்ந்துக்கோங்கன்னு சொல்றது. டெர்பின்னா என்னன்னு தெரிஞ்ச யாரும் எடுக்குற முடிவு இல்ல அது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்து எடுத்த முடிவு.

வீரர்களைக் கேட்கல. ரசிகர்களைக் கேட்கல. ஊர் சார்ந்த கிளப்னு அஞ்சு வருஷமா பேசின லீக்கும் இதுக்குச் சம்மதிச்சது. ரசிகர்கள் கையெழுத்து வேட்டையில இறங்கினாங்க. வீரர்களே தெருவுல நின்னு கையெழுத்து கேட்டாங்க. எதுவும் பலிக்கல. டிசம்பர் 2 அன்னைக்கு இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது.

இங்க ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். ஃப்ளூகெல்ஸோட வேர் யோகோஹாமாவுல பசங்களும் பெரியவங்களும் ஆடின ஒரு லோக்கல் கிளப்ல இருக்கு. விமானக் கம்பெனி ஸ்பான்சரா உள்ள வந்து, மெல்ல மெல்ல அதைத் தன்னோட டீமா ஆக்கிகிச்சு. இதை எதிர்த்து 1986 மார்ச்ல ஆறு வீரர்கள் லீக் மேட்ச்சைப் புறக்கணிச்சாங்க. டீம் ஆள் குறைவா ஆட வேண்டியதாச்சு. அந்த ஆறு பேருக்கும் தடை விழுந்தது. ஊரா கம்பெனியாங்கிற சண்டை 1998-ல பிறந்தது இல்ல. அந்த டீம் கூடவே வளர்ந்தது.

தோக்காத டீம்

அறிவிப்பு வந்து ரெண்டே நாள். அக்டோபர் 31, செரேசோ ஒசாகாவோட மேட்ச். ஃப்ளூகெல்ஸ் 7-0.

அதுக்கப்புறம் அந்த டீம் தோக்கவே இல்ல. லீக்ல மிச்சம் இருந்ததுல தோல்வி கிடையாது. பட்டம் அவங்களுக்கு எட்டாத தூரம்தான். முதல் ஸ்டேஜ் ஜூபிலோவுக்கு, ரெண்டாவது ஸ்டேஜ் காஷிமா ஆண்ட்லர்ஸுக்கு. ரெண்டும் மோதி, காஷிமா 1998 சாம்பியன். ரெக்கார்டு புத்தகத்துல அந்த வருஷத்துக்கு நேரா அந்தப் பேர்தான் இருக்கு.

லீக் முடிஞ்சாலும் எம்பரர்ஸ் கப் பாக்கி. ஜப்பானோட பழைய நாக்-அவுட் போட்டி. ஃபைனல் புத்தாண்டு அன்னைக்கு நடக்கிறது அப்போ வழக்கம். நாக்-அவுட்னா என்ன அர்த்தம்? தோத்தா வீட்டுக்குப் போகலாம். ஃப்ளூகெல்ஸுக்கு மட்டும் போறதுக்கு வீடு இல்ல. தோக்கிற அன்னைக்கே கிளப் முடிஞ்சது. ஜெயிச்சா இன்னும் சில நாள் உயிர். ஒவ்வொரு மேட்ச்சும் கடைசி மேட்ச்சா இருக்கலாம்னு தெரிஞ்சேதான் இறங்கினாங்க.

காலிறுதியில யாரு? நகயாமாவோட ஜூபிலோ. ஜெயிச்சாங்க. அரையிறுதியில யாரு? லீக் சாம்பியன் காஷிமா. அவங்களையும் ஜெயிச்சாங்க. அந்த சீசனோட ரெண்டு பெரிய டீமையும் ஒரே வாரத்துக்குள்ள, சாகப்போற டீம் வெளிய அனுப்பிடுச்சு.

1999 ஜனவரி 1. டோக்கியோ நேஷனல் ஸ்டேடியம், 50 ஆயிரம் பேர். எதிர்ல ஷிமிசு எஸ்-பல்ஸ். அவங்களும் அதுக்கு முந்தின வருஷம் திவாலாகுற நிலைக்குப் போய், உள்ளூர் நிறுவனமான சுசுயோ முன்வந்ததால பிழைச்ச டீம். காப்பாத்தப்பட்ட கிளப்பும் கைவிடப்பட்ட கிளப்பும் ஒரே மைதானத்துல.

13-வது நிமிஷம் சவானோபோரி கோல் போட்டார். ஷிமிசு 1-0. இடைவேளைக்குச் சற்று முன்னாடி குபோயாமா சமன் பண்ணினார். 73-வது நிமிஷம் யோஷிடா தகாயுகி. 2-1. விசில். கோப்பையை யமாகுச்சி தூக்கினார்.

அடுத்த சீசனுக்கு வாங்கன்னு ரசிகர்கள்கிட்ட சொல்ல முடியாத கொண்டாட்டம் அது. வேற எந்தக் கோப்பைக்குப் பின்னாடியும் ஒரு நாளை இருக்கும். இதுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல. வீரர்கள் சிதறினாங்க. கொஞ்சம் பேர் எஃப் மரினோஸுக்கு. யமாகுச்சியும் நராசாகியும் நகோயாவுக்கு. சம்பாயோ பிரேசிலுக்கு. எண்டோ கியோட்டோவுக்கு.

அதுக்கப்புறம்

ரசிகர்கள் மட்டும் போகல. மரினோஸோட போய்ச் சேர மாட்டோம்னு சொன்ன ஒரு கூட்டம், பணம் திரட்டி, தாங்களே ஒரு கிளப்பை ஆரம்பிச்சாங்க: யோகோஹாமா எஃப்சி. பார்சிலோனா மாதிரி சந்தா கட்டுற உறுப்பினர்கள்தான் அடித்தளம். முதல் கோச் ஜெர்மனியோட பியர் லிட்பார்ஸ்கி. சின்னத்துல ஃபீனிக்ஸ் பறவை. சாம்பல்ல இருந்து எழுந்த இறக்கை, விளக்கம் தேவையில்லை. அரை-தொழில்முறை லீக்கான ஜேஎஃப்எல்ல 1999, 2000 ரெண்டு வருஷமும் பட்டம். 2001-ல ஜே2. 2007-ல ஜே1.

அந்த 2007 மார்ச் 10. ஜே1-ல அவங்களோட ரெண்டாவது மேட்ச். இடம், ஃப்ளூகெல்ஸ் ஆடின அதே பழைய மிட்சுசாவா மைதானம். எதிர்ல எஃப் மரினோஸ். யோகோஹாமா எஃப்சி 1-0. ஜே1-ல அவங்களோட முதல் வெற்றியே அதுதான்.

இதோட கதையை முடிச்சா சினிமா மாதிரி இருக்கும். ஆனா உண்மை அப்படி முடியல. அந்த வருஷமே அவங்க கடைசி இடத்துல வந்து கீழ இறங்கினாங்க. அதுக்கும் முன்னாடியே, சந்தா உறுப்பினர்களுக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு வந்து அந்த முறை உடைஞ்சுபோச்சு. கிளப் ஒரு கம்பெனி கைக்கே போச்சு. ரசிகர்களே கட்டின கிளப்புக்கும் சம்பளம் கொடுக்கப் பணம் வேணும். ஆரம்பத்துல சொன்னேனே, பேர் மாறிடுச்சு, பணம் வர்ற இடம் மாறலன்னு. அதே சிக்கல் இங்கயும் திரும்பி வந்தது.

அப்போ அந்த ரசிகர்கள் தோத்துட்டாங்களா? நான் அப்படி நினைக்கல. ஜே-லீக்ல இன்னைக்கு ஒரு கிளப்புக்கு லைசென்ஸ் வேணும்னா கணக்கு வழக்கைக் காட்டியாகணும். தொடர்ந்து மூணு வருஷம் நஷ்டம்னா கேள்வி வரும். கிளப் சத்தமில்லாம உள்ளுக்குள்ள செத்துப்போற நிலைமையைத் தடுக்கிறதுக்கான ஏற்பாடு அது. ஜப்பான்ல எங்கயாவது ரெண்டு கிளப்பை இணைக்கலாம்னு பேச்சு எழுந்தா, முதல்ல ஞாபகத்துக்கு வர்ற பேர் ஃப்ளூகெல்ஸ்.

கடைசியா, அந்த 18 வயசுப் பையன். எண்டோ யசுஹிட்டோ பின்னாடி கம்பா ஒசாகாவுல ஜாம்பவானா ஆனார். ஜப்பானுக்காக 152 மேட்ச், இதுவரை யாரும் அதைத் தாண்டல. அவர் ஓய்வு பெற்றது 2024 ஜனவரியில. ஃப்ளூகெல்ஸ் இல்லாமப் போய் 25 வருஷம் கழிச்சு. அதாவது அந்த டெர்பி அன்னைக்கு ஃப்ளூகெல்ஸ் சட்டையில முதல் தடவையா இறங்கின ஒரு ஆள், அந்தக் கிளப் வாழ்ந்ததைவிடப் பல மடங்கு காலம் களத்துலயே இருந்தார்.

1998-ல சாம்பியன் யாருன்னு கேட்டா பதில் காஷிமா. யாரும் மறுக்க முடியாது. ஆனா அந்த சீசன் யாரோடதுன்னு ஒரு யோகோஹாமா ரசிகர்கிட்ட கேட்டுப் பாருங்க. பங்குப் பத்திரத்துல இல்லாத ஒரு பதில் கிடைக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.