45 பிஸ்டலா, 9 எம்எம் பிஸ்டலா? கையில் பிடித்தால் என்ன வித்தியாசம்... செஞ்சியில் லைசென்ஸ் கிடைக்குமா?

செஞ்சி ராஜகிரி உச்சி வரைக்கும் மூச்சு வாங்க ஏறினவங்க அங்கே இருக்கும் பீரங்கியைப் பார்த்திருப்பீங்க. அதன் வாயின் உள் அகலம் இருக்கே, அதுக்குப் பேர்தான் காலிபர். லைசென்ஸ் பேச்சில் இதையே 'போர்' என்பார்கள் (சண்டை இல்லைங்க!). பீரங்கிக்கு உள்ள இதே கணக்குதான் இடுப்பில் செருகும் பிஸ்டலுக்கும்.

சினிமாவில் அதிகம் பேசப்படும் இரண்டு பிஸ்டல்களை எடுத்துக்கலாம். ஒன்று, அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்ற கோல்ட் எம்1911. இதன் குண்டு .45 அங்குலம், அதாவது 11.43 மி.மீ. இன்னொன்று, 1935-ல் வந்த 9 எம்எம் பிரவுனிங் ஹை-பவர். நம் ராணுவத்தின் '9 எம்எம் 1ஏ' பிஸ்டல் இதன் வழி வந்ததுதான். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாரானது.

ஆச்சரியம் என்னன்னா, இரண்டுக்கும் மூலகர்த்தா ஒருத்தர்தான், ஜான் பிரவுனிங். 1911-ன் காப்புரிமையை கோல்ட் நிறுவனத்துக்கு அவர் ஏற்கெனவே விற்றுவிட்டதால், அடுத்த பிஸ்டலுக்குத் தன் சொந்த ஐடியாவையே சுற்றி வளைத்துப் போக வேண்டியதாயிற்று. 1926-ல் அவர் இறந்துபோக, பெல்ஜியத்தின் சேவ் என்பவர் அதை முடித்தார்.

சரி, எது 'பவர்'? பெரிய குண்டுன்னா பெரிய அடி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 45 குண்டு சுமார் 15 கிராம், வேகம் விநாடிக்கு 250 மீட்டர் சொச்சம். 9 எம்எம் குண்டு அதில் பாதி எடைதான், ஆனா வேகம் 350 மீட்டருக்கு மேல். கணக்குப் போட்டா இரண்டின் ஆற்றலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

வித்தியாசம் கையில்தான் தெரியும். 45 சுட்டால் உள்ளங்கையை யாரோ பிடித்துத் தள்ளுவது போல இருக்கும் என்பார்கள். 9 எம்எம் சட்டென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு அடங்கிவிடும், அடுத்த குறியை வேகமாகப் பிடிக்கலாம். 1911 காலியாகவே 1.1 கிலோ, மேகஸினில் 7 தோட்டா. ஹை-பவர் சுமார் 900 கிராம், 13 தோட்டா. இத்தனை தோட்டாவை அடக்கியும் அதன் பிடி தடிமனாகத் தெரியாது, அதுதான் அதன் அழகு. டிரிகர் விஷயத்தில் மட்டும் 1911-ஐ அடிச்சுக்க ஆளில்லை: நேராகப் பின்னால் போய், சுத்தமாக விடுபடும்.

ஹை-பவரின் டிரிகர் கொஞ்சம் கனக்க ஒரு காரணம் உண்டு. மேகஸினைக் கழற்றிவிட்டால் அது சுடாது. அதற்கான ஏற்பாடு டிரிகரோடு உரசுகிறது. 1911-ல் அது கிடையாது. பிடியை இறுக்கிப் பிடித்தால்தான் சுடும் என்ற வேறு பாதுகாப்பு உண்டு. ஆனா மேகஸினைக் கழற்றின பிறகும், குழலில் ஒரு தோட்டா இருந்தா டிரிகரை அழுத்தினதும் வெடிக்கும். 'காலிதானே' என்று நினைத்துத் துடைக்கும்போது உயிர் போவது இப்படித்தான். எந்த பிஸ்டலானாலும் குழலைத் திறந்து பார்க்காமல் நம்பக் கூடாது.

அமெரிக்க ராணுவமே 1985-ல் 45-ஐ விட்டு 9 எம்எம்முக்கு மாறியது.

இதைப் படிச்சிட்டு, 'நமக்கு ஒண்ணு கிடைக்குமா?' என்று கேட்டால், கிடைக்காது. இந்தியாவில் 45, 9 எம்எம் இரண்டுமே சாமானியருக்குத் தடை செய்யப்பட்ட போர். சட்டவிரோதமாக வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. செஞ்சிக்காரர் ஒருவர் 21 வயது நிரம்பி, தக்க காரணத்தோடு விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, போலீஸ் விசாரணையும் தாண்டினால், .32 மாதிரி சின்ன போர் பிஸ்டலுக்குத்தான் லைசென்ஸ். அதையும் தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும்.