நெல்லுச்சோறே விருந்தாக இருந்த காலம்

பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். சீர், நகை, துணிமணி, மண்டபம் எல்லாம் ஒரு சச்சரவும் இல்லாமல் முடிந்தது. சண்டை வந்தது சாப்பாட்டில்தான்.

பெங்களூரில் இருக்கிற என் மகள் போனில் சொன்னாள். "அப்பா, எல்லா விசேஷத்துலயும் அதே பனீர், அதே கோபி மஞ்சூரியன். நாம வேற மாதிரி பண்ணலாம்ப்பா. முழுக்க சிறுதானியம். கம்பஞ்சோறு, ராகிக்களி, வரகுப் பொங்கல், சாமைப் பாயசம். அதுதானே நம்ம பாரம்பரியச் சாப்பாடு? என் ஆபீஸ்ல இருந்து வர்றவங்க எல்லாம் அசந்துருவாங்க."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். திண்ணையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து உள்ளே வந்துட்டாங்க. 80 வயது. "ஏஞ்சாமி, கம்பஞ்சோறு போட்டுக் காது குத்தறதுக்கு நாம என்ன பஞ்சத்துல அடிபட்டா கெடக்கறோம்? ஊரே சிரிக்கும்."

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அன்னிக்கு ராத்திரி அவங்க சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலையில் தண்ணி கட்டும்போது இதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்தது. ரெண்டு பேருமே பாரம்பரியம்தான் பேசறாங்க. ஆனா ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு அவமானமாக இருக்கிறதே, ஏன்?

அகநானூற்றில் ரெண்டு கல்யாணப் பாட்டு உண்டு. 86-ஆவது பாட்டில் வருகிற கல்யாணத்தில் உளுந்து சேர்த்துக் குழைய ஆக்கிய சோறு போடுகிறார்கள். 136-ஆவது பாட்டில் இறைச்சியும், நெய் வழிகிற வெள்ளைச் சோறும். இன்னிக்கு எங்க பக்கம் கல்யாணப் பந்தியில் கறி வாசமே கூடாது என்று அடம்பிடிக்கிற பெரியவர்கள் இந்த ரெண்டாவது பாட்டைப் படிக்காமல் இருப்பது நல்லதுதான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் போட்ட விருந்தைச் சாப்பிட்ட கலைஞன் ஒருத்தன், ராத்திரி பகலாகக் கறி தின்று தின்று, கொல்லையை உழுத கொழு மாதிரித் தன் பல்லே மழுங்கிப்போச்சு என்கிறான். காய்ந்த நிலத்தில் ஏர் ஓட்டின எவனுக்கும் இந்த உவமை சட்டென்று பிடிபடும்.

நான் சொல்ல வந்தது வேறு. இதே சங்கப் பாடல்களில் தினை இருக்கிறது, வரகு இருக்கிறது. காட்டுப் பக்கத்துச் சனம் அன்றாடம் தின்றது அதைத்தான். ஆனா கல்யாணம் என்று வரும்போது இலையில் விழுந்தது நெல்லுச்சோறு. ஆக, அம்மா பக்கம் குறைந்தது ஆயிரத்து எண்ணூறு வருஷத்துச் சாட்சி இருக்கிறது.

மகள் சொல்கிற பாரம்பரியம் பொய்யா என்றால், அதுவும் இல்லை. பொய் வேற இடத்தில் இருக்கிறது. மண்டபங்களில் 'பாரம்பரிய வாழையிலை விருந்து' என்று போடுகிறார்களே, அந்த இலையைக் கொஞ்சம் பாருங்க. உருளைக்கிழங்கு வறுவல், பீன்ஸ் பொரியல், முட்டைக்கோஸ் கூட்டு, தக்காளி ரசம். இதில் ஒண்ணுகூட இந்த ஊர்க் காய் இல்லை. உருளையும் தக்காளியும் பீன்ஸும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை, கோஸ் ஐரோப்பாவில் இருந்து வந்தது. 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் குடியேறி, சீமைக் காய்களை அங்கே பயிர் பண்ணிப் பார்த்தார். அப்புறம்தான் அவை மலையிறங்கி, மேட்டுப்பாளையம் மண்டி வழியாக நம்ம பந்திக்கு வந்தன. ரொம்ப நாளைக்கு அதுங்களுக்கு 'இங்கிலீஷ் காய்' என்றே பேர்.

மிளகாய் எப்படி வந்தது என்பது அதன் பேரிலேயே இருக்கிறது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த புதுக் காய், மிளகு மாதிரிக் காரமாக இருந்ததால் மிளகாய். பரங்கிக்காயும் பரங்கியர் பேரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. எங்க ஊரில் அதை அரசாணிக்காய் என்று சொந்தம் கொண்டாடிவிட்டோம். அரசாணிக்காய் பொரியல் இல்லாத கொங்குப் பந்தி ஒரு பந்தியா என்று கேட்கிற ஆள் நான். அந்தக் காயின் பூர்வீகமும் அமெரிக்காதான் என்று தெரிந்த அன்னிக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இந்தக் காய்கள் வருவதற்கு முன்னால் விருந்து எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், கல்யாண வீட்டுக்குப் போகாதீங்க, திவச வீட்டுக்குப் போங்க. பிராமண வீடுகளில் திவசச் சமையல் இன்னமும் பழைய முறைதான். மிளகாய் கிடையாது, மிளகுதான். உருளை, தக்காளி, கோஸ், கேரட் எதுவும் அடுப்புக்குப் பக்கத்திலேயே வராது. வாழைக்காய், சேனை, சேம்பு, பாகல், புடலை, அவரை. சந்தோஷத்துக்குப் புதுசு கேட்கிற மனுஷன், செத்தவங்களுக்குப் படைக்கும்போது மட்டும் எதையும் மாற்றப் பயப்படுகிறான். அந்தப் பயத்தில் ஒரு பழைய மெனு தப்பிப் பிழைத்திருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் இருக்கிற வரகுண பாண்டியன் காலத்து, 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சாமிக்குப் படைக்க வேண்டியதைப் பட்டியல் போடுகிறது. சோறு, காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி, பாசிப்பயற்றில் செய்கிற கும்மாயம், நெய், தயிர், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. கூட்டு, பொரியல், புளிக்குழம்பு என்று நாம இன்னிக்குப் பரிமாறுகிற முறை அப்பவே வந்தாச்சு. உள்ளே போகிற காய்தான் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. அங்கேயும் சோறு என்றால் நெல்லுச்சோறுதான்.

எங்க ஊர்க் கதைக்கு வருகிறேன். நாங்க ஈரோடு மாவட்டம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். இன்னிக்கு வாய்க்கால்கரையில் நின்று பார்த்தால் பச்சைப் பசேல் என்று நெல்வயல் தெரியும். பவானிசாகர் அணை கட்டி முடித்தது 1955-ல். அதற்கு முந்தி இது மேட்டாங்காடு. மானாவாரியில் கம்பும் சோளமும், கவலை கட்டி மாடு வைத்து இறைத்த கிணற்றடியில் ராகியும் விளையும். நெல் வேண்டுமென்றால் கோபிப் பக்கம் கொடிவேரி அணைக்கட்டின் வாய்க்கால் ஊர்களுக்கோ, 13-ஆம் நூற்றாண்டில் வெட்டின காளிங்கராயன் வாய்க்கால் பக்கமோதான் வண்டி கட்டணும்.

அப்படி வருகிற நெல்லை வீட்டில் பூட்டி வைப்பார்களாம். தீபாவளி, பொங்கல், கல்யாணம், கருமாதி. அப்புறம் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஒரு கை அரிசி வெளியே வரும். "கஞ்சி கெடைக்கும்னு காய்ச்சல் வந்த மாதிரி படுத்துக்குவோம்" என்பாங்க அம்மா. கம்பு அப்படி இல்லை, தினமும் உண்டு. ஆனா சும்மா வந்துவிடாது. தண்ணி தெளித்துக் கம்பை உரலில் போட்டு உமி போகக் குத்தணும், புடைக்கணும், மறுபடி குத்திக் குருணையாக்கணும். ஒரு குடும்பத்துக்குக் கம்பஞ்சோறு ஆகணும்னா விடிகாலை கோழி கூவும் முன்னாடி ரெண்டு பொம்பளைங்க உலக்கை பிடிக்கணும். அம்மாவின் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இப்பவும் இருக்கிறது. என் மகளுக்குக் கம்பு என்பது கடையில் சுத்தம் பண்ணி, பாக்கெட்டில் வருகிற ஒரு பொருள். அம்மாவுக்கு அது ஒரு வேலை.

அம்மா கல்யாணம் 1962-ல். அணைத் தண்ணி வந்து ஏழு வருஷம். "என்ர கல்யாணத்துல மூணு வேளையும் நெல்லுச்சோறு" என்பதை அவங்க சொல்லும்போது இப்பவும் குரல் மாறும். இலையில் என்ன இருந்தது என்று கேட்டால் பருப்பு, நெய், கத்திரிக்காய், அரசாணிக்காய், ரசம், மோர், ஒப்புட்டு. அவ்வளவுதான், ஏழு. சமைத்தது பங்காளி வீட்டு ஆம்பளைங்க, காய் அரிந்தது அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க. இன்னிக்கு ஒரு கேட்டரிங்காரர் இந்த ஏழோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

அப்புறம் 1965, 66-ல் பஞ்சம். மழை பொய்த்து, நாடே அமெரிக்காவின் பி.எல். 480 கோதுமையை எதிர்பார்த்து நின்ற நேரம். திங்கட்கிழமை ராத்திரி ஒரு வேளை பட்டினி இருங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியே கேட்டார். விசேஷங்களில் இத்தனை பேருக்கு மேல் விருந்து போடக்கூடாது என்று பல மாநிலங்களில் சட்டம் இருந்த காலம் அது. 1967 தேர்தலில் தி.மு.க. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று கேட்டு ஜெயித்தது அரிசியை வைத்துத்தான். கம்போ சோளமோ போடுகிறோம் என்று யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்க அம்மா ஓட்டு விழுந்திருக்காது.

அதுக்கப்புறம் ஐ.ஆர். 8 வந்தது, உரம் வந்தது, மோட்டார் வந்தது. நெல் பெருகிப்போச்சு. 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். தீபாவளிக்குப் பூட்டைத் திறந்து எடுத்த பண்டம், இப்போ மூட்டையாக மூலையில் கிடக்கிறது. எப்போ நெல்லுச்சோறு தினச் சோறு ஆனதோ, அப்பவே விருந்து அதைவிட்டு நகர ஆரம்பித்தது. முதலில் கேசரி, பூரி, அப்புறம் வெஜிடபிள் பிரியாணி, ஃபிரைடு ரைஸ், பனீர், கோபி மஞ்சூரியன். வீட்டில் தினம் கிடைக்காதது எதுவோ அதுதான் இலைக்கு வரும். சங்க காலத்தில் இருந்து இந்த ஒரு கணக்கு மட்டும் மாறவே இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் கணக்குப்படி பார்த்தால் என் மகளும் சரிதான். பெங்களூர் அபார்ட்மெண்டில் கம்பு தினச் சோறு இல்லையே.

பழைய பந்தியைப் பற்றி இத்தனை ஆசையாக எழுதிவிட்டு ஒண்ணை மறைக்க முடியாது. அம்மா பெருமைப்படுகிற அந்த 1962 பந்தியில், அந்த நெல்லை நட்டு அறுத்த ஆட்களுக்கு இலை கிடையாது. எல்லாரும் எழுந்த பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரத்தோடு நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்தது 1920-களில் பெரிய பிரச்சினையாகி, எங்க ஈரோட்டுக்காரர் பெரியார் அதை எதிர்த்து நின்ற கதை எல்லாருக்கும் தெரியும். அவர் பிறந்த ஈரோட்டுக்குப் பக்கத்திலேயே, அதற்கு நாற்பது வருஷம் கழித்து, எங்க வீட்டுப் பந்தி அப்படி இருந்தது. மண்டபமும் கேட்டரிங்கும் விருந்தைக் கெடுத்துவிட்டன என்று புலம்புகிறவர்களோடு நான் சேராததற்கு இதுதான் காரணம். மண்டபத்தில் டோக்கன் வாங்கி உட்காருகிறவனை யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை.

காதுகுத்து மெனு கடைசியில் பஞ்சாயத்தில்தான் முடிந்தது. இலையில் நெல்லுச்சோறு, பருப்பு, நெய், அம்மா சொன்ன ஏழும் அப்படியே. கூட, கேட்டரிங் தம்பி விடமாட்டேன் என்று நின்ற கோபி மஞ்சூரியன். மகளுக்காக, மண்டப வாசலில் ஜூஸுக்குப் பதிலாகக் கம்மங்கூழ். மோர் ஊற்றிக் கரைத்து, பக்கத்தில் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும். அதுக்குக் கம்பு வாங்கத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எங்க காட்டில் இருந்து கம்பு போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்போ மேட்டில் மக்காச்சோளம், அதுவும் கோழித் தீவனத்துக்கு. ஈரோட்டுக் கடையில் வாங்கின கம்பு மூட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ராஜஸ்தான் என்றார் கடைக்காரர். விலை, நான் நெல்லுக்கு வாங்கினதைவிட அதிகம்.

விசேஷத்தன்னிக்கு பெங்களூர்ப் பிள்ளைகள் கூழ் கிளாஸோடு போட்டோ எடுத்தார்கள், ரெண்டு மூணு தடவை வாங்கியும் குடித்தார்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் அந்த மேசையைத் தாண்டி நேராகப் பந்திக்குப் போனார்கள். ஒருத்தர் மட்டும் என் காதில் வந்து, "ஏனப்பா, செலவு கொஞ்சம் கையைக் கடிச்சுருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அம்மாவை முதல் பந்தியிலேயே உட்கார வைத்தோம். கூழ் வேண்டாம்னுட்டாங்க. பருப்பும் நெய்யும் போட்டு ரெண்டு வாய் சாப்பிட்டாங்க. அப்புறம் பரிமாறுகிற பையனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, "கண்ணு, அந்தச் செவப்பா ஒண்ணு வெச்சீல்ல, அதுல இன்னுங்கொஞ்சம் வெய்யி" என்றாங்க.