குடும்ப அட்டையில் ஏறிய மகள்

கீழ் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்களை விசாரித்தால், சித்தப்பாவோ அம்மாயியோ (அம்மாவின் அம்மாவோ) வளர்த்து ஆளாக்கிய பிள்ளைகள் பலரைக் காணலாம். இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது.

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பிராக்களில் (அறைகளில்) இருந்த அண்ணனும் தம்பியும் வேறு வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. பெரியம்மா பிரசவத்தில் இறந்துவிட்டார். பெரியப்பா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தார். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் அப்பா வாங்கிய குடும்ப அட்டையில், எனக்கு மேல் வரியில், மூத்த மகளாகப் பெரியப்பாவின் மகள் பெயர் ஏறியது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் பதிந்தபோதும் அதே வரிதான். பெரியப்பாவின் உரிமையை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை. உயிரோடு இருந்த தகப்பனைக் காகிதத்தில் இல்லாமல் ஆக்க அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. பெரியப்பா மனமறிந்துதான் மகளைக் கொடுத்தார். ஆனாலும் கடிதங்களில் அப்பா “உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள்” என்று எழுதுவார். பெரியப்பா “உன் மகளுக்கு என் ஆசி” என்று பதில் போடுவார். 1984-இல் கப்பலும் நின்றுபோனது.

இங்கே, இந்தியாவில், உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்குச் சட்டத்துக்குக் குறைவில்லை. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம், பிள்ளையின் நலனையும் உறவின் நெருக்கத்தையும், விவரம் தெரிந்த வயதானால் பிள்ளையின் விருப்பத்தையும் பார்க்கச் சொல்கிறது. மாகாணங்களில் முதலில் சிறுவர் சட்டம் போட்டது 1920-இல் சென்னை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி தாத்தா பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி எல்லோரும் தத்தெடுக்கலாம். 2021 திருத்தத்துக்குப் பின் மாவட்ட ஆட்சியரே ஆணை தருகிறார். ஆனால் தத்து முடிந்தால் பெற்றவரின் உரிமையும் முடிந்தது. பிள்ளையை அரசிடம் ஒப்படைக்கும் பெற்றோருக்கு மனம் மாற 60 நாள் அவகாசம் வைத்திருப்பது அதனால்தான்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றவரின் உரிமையை அந்த அளவுக்கு அறுக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது தாய் தகப்பன் திருப்பூருக்குப் போனார்கள். பிள்ளைகள் அம்மாயியிடம் நின்றார்கள். ஆசிரியராக நான் பள்ளியில் சேர்த்த பிள்ளைகள் பலருக்குக் கைநாட்டு வைத்தது அம்மாயிதான். ஆபரேஷனுக்குக் கையெழுத்தோ சாதிச் சான்றிதழோ வேண்டும் என்றால் மட்டும் “பெற்றவர்கள் எங்கே?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

அடித்துத் துன்புறுத்தும் தகப்பனின் உரிமையைத் தயங்காமல் நீக்கட்டும். பிழைக்கப் போன தாயின் உரிமை அவளிடமே இருக்கட்டும். வளர்க்கிற அம்மாயிக்குக் காப்பாளர் ஆணை கிடைக்கட்டும். உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற பிள்ளைக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. அதற்கு மாவட்டத் தலைநகரான ஊட்டிக்கு அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்து பதிய வேண்டும். என் அப்பா செய்தது போல மகள் என்று பொய்யாக எழுதாமல், பேத்தி என்று உள்ளபடி எழுதியே ஒரு கிழவி பிள்ளை வளர்க்க முடிய வேண்டும்.