பலகையிலிருந்து மேசைக்கு: சிற்றுருவப் படைகளும் தென்பாண்டிச் சான்றுகளும்

கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஈய வீரர்களுக்கு வண்ணம் தீட்டி, அணிவகுத்து, பகடை உருட்டிப் பழங்காலப் போர்களை மேசைமேல் நடத்தும் விளையாட்டு இன்று உலகெங்கும் உண்டு. அது ஐரோப்பாவில் வளர்ந்தது. ஆனால் அதன் வேர் நம் சதுரங்கத்தில் இருக்கிறது. அந்த மேசையில் தென்பாண்டிப் படையை நிறுத்த விரும்புபவருக்கு வேண்டிய சான்றுகள் பல தமிழ்நாட்டிலேயே, சில கடையநல்லூரைச் சுற்றியே, கிடைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

யானை, தேர், குதிரை, காலாள் என்ற நாற்படையைப் பலகையில் ஏற்றிய சதுரங்கத்தை 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் தம் ஹர்ஷசரிதத்தில் குறிப்பிடுகிறார். பாரசீகம், அரபு நாடுகள் வழியே ஐரோப்பா சேர்ந்த அந்த ஆட்டத்தில் யானை தன் உருவை இழந்தது. ஆங்கிலேயர் பலகையில் அது பிஷப் ஆயிற்று. 1780இல் பிரவுன்ஷ்வைக் நகரக் கணித ஆசிரியர் ஹெல்விக், சதுரங்கத்தையே விரித்து 1,617 கட்டங்கள் கொண்ட போர்ப் பலகை அமைத்தார். கட்டங்களின் நிறம் நில அமைப்பைக் காட்டியது. பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1824இல் கட்டங்களை நீக்கி நிலவரைபடத்தைக் கொண்டுவந்தார். பகடையும் நடுவரும் சேர, அது ராணுவ அதிகாரிகளின் பயிற்சியாயிற்று. எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் பொம்மை வீரர்களை வைத்து வீட்டுத் தரையில் போர் நடத்த விதிகள் தந்தார்.

பழங்காலப் படைகள் தனித்துறையானது அதற்குப் பிறகுதான். 1965இல் இங்கிலாந்தில் ‘சொசைட்டி ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ்’ தோன்றியது. பில் பார்க்கர் முதலியோரின் 1990ஆம் ஆண்டு விதிநூலில் ஒரு படைக்குப் பன்னிரண்டு அணிகள். 15 மில்லிமீட்டர் அளவு உருவங்களில், 40 மில்லிமீட்டர் முகப்புள்ள அட்டையில் ஈட்டிக்காலாள் நால்வர் தோளோடு தோள் நிற்பர். அதே முகப்புள்ள சதுர அட்டை முழுதும் ஒரே யானைக்கு. பலகையில் உருவிழந்த யானை மேசையில் மறுபடியும் தும்பிக்கையோடு நிற்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் இந்தியப் படை என்றதும் பலரும் புறப்படுவது கி.மு. 326இல் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸின் படையிலிருந்துதான். கிரேக்கர் எழுதிவைத்த வடமேற்கு வர்ணனையைத் தெற்கின் மேல் போர்த்துவது பிழை. இங்கே பார்க்க வேண்டியவை வேறு. 6ஆம் நூற்றாண்டு முதல் கிடைக்கும் செங்கம் நடுகற்களில் வீரன் வில்லோடும் வாளோடும் நிற்கிறான். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் 8ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பங்களில் பல்லவர் போர்கள் யானை, குதிரை, காலாளோடு வரிசையாக ஓடுகின்றன. படைக்கலம், நிற்கும் நிலை, கொண்டை ஆகியவற்றை இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நிறத்தை எடுக்க முடியாது.

நிறத்துக்குச் சுவரோவியம் வேண்டும். கடையநல்லூரிலிருந்து தென்காசி, அம்பாசமுத்திரம் வழியே சென்றால் தாமிரபரணியோடு கடனாநதி கூடும் இடத்தில் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில். அதன் கோபுரத்தின் உள்நிலைகளில் மரச்சிற்பங்களும் ஓவியங்களும் நிறைந்துள்ளன. அங்குள்ள போர்க்காட்சியை, 1532இல் விஜயநகரப் படை திருவிதாங்கூரை எதிர்த்து நடத்திய தாமிரபரணிப் போர் என ஆய்வாளர் சா. பாலுசாமி அடையாளம் காட்டியுள்ளார். குதிரைகளை ஏற்றிவரும் கப்பலும் அங்கே தீட்டப்பட்டிருக்கிறது.

இந்த ஓவியத்தைச் சான்றாகக் கொள்பவர் காலத்தை மறக்கலாகாது. அதிலுள்ள உடையைச் சங்க காலப் பாண்டியனுக்கு உடுத்துவது, கிரேக்க வர்ணனையைத் தெற்குக்குக் கொண்டுவருவது போன்ற பிழையே. விஜயநகரப் படைக்கு அதை நேரடியாகவே பின்பற்றலாம். முற்காலப் படைக்கு வடிவத்தைக் கல்லிலிருந்தே எடுத்து, நிறத்தில் அடக்கம் காட்டுவது நல்லது: வெளுத்த பருத்தித் துணி, செங்காவி, மஞ்சட்காவி, கருமை. யானைக்குத் தட்டையான சாம்பல் நிறம் பூசி விட்டுவிடக் கூடாது. நீர்த்த பழுப்பை மேலே ஓடவிட்டால் அது தோல்மடிப்புகளில் இறங்கி நிற்கும். காய்ந்தபின் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்சாம்பலைத் தொட்டு மேடுகளை மட்டும் வருட வேண்டும்.

குதிரை அணிகள் எத்தனை என்பதற்கு, குதிரைகள் வந்திறங்கிய காயல் துறைமுகம் வழிகாட்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், பராமரிப்பு தெரியாததால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் கடல் கடந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் காலாளைப்போல் பெருந்தொகையாய் நின்றிருக்க இயலாது. ஆகவே பிற்காலப் பாண்டியர்க்குப் பன்னிரண்டு அணிகளில் குதிரைக்கு இரண்டு, யானைக்கு இரண்டு ஒதுக்கி, எஞ்சிய எட்டையும் வில்லும் ஈட்டியும் ஏந்திய காலாளுக்குத் தருவதே பொருத்தம் என்பது என் கணிப்பு.